சிங்காரி போட்ட பொன்னாடை

சர்க்கஸ்காரி பவுனு தன் நாய்களோடு தொடக்கப் பள்ளிக்கு வந்தாள். வித்தை பார்க்கப் பிள்ளைகள் வெயிலில் காத்திருந்தார்கள். சிறப்பு விருந்தினர் சேர்மனோ மைக்கை விட்டபாடில்லை.

"நான் பேசி முடிக்கிற வரைக்கும் ஒரு நாயும் குரைக்கக் கூடாது. குரைச்சா வித்தை கிடையாது!" என்று அதட்டல் வேறு.

"குரைக்காதுங்கய்யா. மரியாதை தெரிஞ்ச நாய்ங்க," என்ற பவுனு, மேஜையில் அவருக்காக வைத்திருந்த பொன்னாடையைக் காட்டி விரலைச் சொடுக்கினாள். சிங்காரி என்கிற நாய் அதைக் கவ்விக்கொண்டு மேடையேறி, இரண்டு காலில் நின்று சேர்மனிடம் நீட்டியது. பள்ளிக்கூடமே கைதட்டியது.

பொன்னாடை வந்த பிறகு யார்தான் பேசுவார்கள்? சேர்மன் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தார். சாயங்காலம் வரைக்கும் ஒரே வித்தை, ஒரே சிரிப்பு.

நன்றியுரைக்குத் தலைமையாசிரியை எழுந்தார். "நேரத்தோடு பொன்னாடை போட்ட சிங்காரிக்கு முதல் நன்றி!"

அப்போதுதான் சிங்காரி குரைத்தது.