பலா இலைக் குவியல்கள்

"தூசி சேர்ந்து சேர்ந்துதான் நட்சத்திரம் ஆகுதுன்னு சொன்னீங்க," என்றார் நாச்சிமுத்து. "எல்லாம் ஒரே தூசி. பின்ன எதுக்குங்கம்மா ஒண்ணு பெருசாவும் ஒண்ணு சின்னதாவும் இருக்குது?"

பூரணியம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். சீடருக்கு அறுபது வயது, குருவுக்கு நாற்பது. வெல்லமண்டியை மகனிடம் விட்டுவிட்டு மலையேறி அவளிடம் வந்தவர் நாச்சிமுத்து. வந்த நாளிலிருந்து ஓரிடத்தில் உருப்படியாக உட்கார்ந்ததில்லை.

அவர் கேட்டது வானத்தைப் பற்றி இல்லை என்று அவளுக்குத் தெரியும். அவரோடு கூடவே சீடராக வந்த அர்த்தநாரி, கீழே ஊரில் தனி மடம் வைத்துவிட்டார். வேன் வேனாக ஆட்கள் வருகிறார்கள். நாச்சிமுத்துவுக்கு வயிறு எரிந்தது. விடிந்ததும் முதல் பஸ்ஸில் இறங்கித் தானும் ஒரு மடம் போட்டுவிடுவதென்று மூட்டை கட்டி வைத்திருந்தார்.

"முற்றத்தைக் கூட்டுங்கய்யா," என்றாள்.

மார்கழிக் காற்று. கூட்டக் கூட்டப் பலா இலைகள் பறந்தன. பலாமரத்தின் வேர்மேட்டில் நாலு இலை தங்கியது. தங்கிய இடத்திலேயே மேலும் மேலும் வந்து சேர்ந்தது. பொழுது சாய்வதற்குள் அங்கே இடுப்புயரக் குவியல். பக்கத்தில் கிணற்றடியில் ஒரு கூடை அளவுதான்.

"ரெண்டையும் ஒண்ணாக்கட்டுங்களா?"

"வேண்டாம். இருட்டினதும் பத்த வைங்க."

பெரியது குபீரென்று பிடித்துக்கொண்டது. அதன் அனலில் சுற்றியிருந்த இலைகளெல்லாம் தூரப் பறந்தன. கிணற்றடிக்குப் போய்ச் சேர வேண்டியவையும் போய்விட்டன. முற்றமே பகலானது.

"அது அர்த்தநாரி," என்றார்.

சின்னது வெறுமனே புகைந்தது.

"இது நான்."

ஒரு குச்சியை எடுத்து அதைக் கிளறினார்.

"கிளறாதீங்க."

கேட்டால்தானே. ஊதினார், புரட்டினார், மறுபடி கிளறினார். குவியல் நாலாபக்கமும் சிதறியது. குச்சியை வீசிவிட்டுப் போய்ப் படுத்தார். தூக்கம் வரவில்லை.

விடிந்ததும் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். குளிர் எலும்பைப் பிடித்தது. கொஞ்சம் காயலாமென்று வேர்மேட்டுச் சாம்பலில் கை வைத்தார். சில்லென்றிருந்தது.

பூரணியம்மா அந்தச் சாம்பலில் ஒரு பிடி அள்ளிப் போய், கிணற்றடியில் குந்தி டம்ளர் துலக்கிக்கொண்டிருந்தாள். அவர் சிதறடித்த குவியலை அவளே மறுபடி ஒதுக்கிவிட்டிருந்தாள். உள்ளே கங்கு சிவப்பாகக் கிடந்தது. அதன்மேல் வைத்த சட்டியில் சுக்குத்தண்ணி லேசாகச் சலசலத்தது.

நாச்சிமுத்துவுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"அப்போ இதுதான் நானுங்களா?"

"இல்லீங்க."

நுனி கருகிய அந்தக் குச்சியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"இதுதான் நீங்க."

கீழே வளைவில் பஸ் ஹாரன் அடித்தது. அவர் குச்சியையே பார்த்துக்கொண்டு நின்றார். ஹாரன் மறுபடி அடித்தது.

மூட்டையை இறக்கி வைத்தார். குச்சியை இரண்டாக ஒடித்துச் சுக்குத்தண்ணிக்கு அடியில் செருகினார். பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.