சாயல்குடிக்கு ஒரு பக்கம்

ஒன்பது நாளாகத் தவசிலிங்கத்தின் கடைப் போன் அடிக்கவில்லை.

மதுரை அரசரடியில் அவர் ஆக்சிஜன் சிலிண்டர்களும் நோயாளிக் கட்டில்களும் வாடகைக்கு விடுகிறார். வயது ஐம்பத்தாறு. முன்பெல்லாம் டாக்டர் சொல்லி ஆட்கள் வந்தார்கள். இப்போது யாரும் யாரையும் கேட்பதில்லை, போனை எடுத்துத் தேடிக்கொள்கிறார்கள். போன மாதம் வரை அந்தத் தேடலில் அவருடைய இணையதளம் முதல் பக்கத்தில் மூன்றாவதாக நின்றது. இப்போது நான்காம் பக்கத்தில் கிடந்தது. ஏன் இறங்கியது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. யாரிடம் போய்க் கேட்பது என்றும் தெரியவில்லை. எதிரில் ஒருவன் கடை போட்டால் அவன் முகத்தையாவது பார்க்கலாம். இதற்கு முகமே இல்லை. அதுதான் அவரைப் பயமுறுத்தியது.

மணிக்கு ஒரு தடவை தன் போனில் தேடினார். பிறகு மனைவியின் போனை வாங்கித் தேடினார். வண்டி ஓட்டும் இரண்டு பேரும் வேலையில்லாமல் சிலிண்டர்களைத் துடைத்துத் துடைத்து வைத்தார்கள். அவர்களைப் பார்க்காமல் இருப்பதற்காக அவர் தெருவைப் பார்த்து உட்கார்ந்தார்.

செவ்வாய்க்கிழமை காலைகளில் ஜமீலாவின் வகுப்புக்குப் போனார். சிம்மக்கல்லில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே அந்த அறை. சிறு கடைக்காரர்களின் இணையதளம் தேடலில் கிடைக்க என்ன செய்ய வேண்டும் என்று ஜமீலா அங்கே சொல்லிக்கொடுத்தார். அவருக்கு முப்பத்தொன்று. மாணவர்கள் எல்லோரும் அவரைவிட மூத்தவர்கள். அவர் அவர்களை அண்ணே, அக்கா என்றார். அவர்கள் அவரை டீச்சர் என்றார்கள்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. புதிதாகச் சேர்பவர் கையில் கண்ணாடி விரிசல் விட்ட ஒரு பழைய போனைக் கொடுத்து, சிக்னல் சரியாக எட்டாத மாடிப்படியில் உட்காரவைத்து, அவருடைய பக்கத்தையே திறக்கச் சொல்வார்கள். பக்கம் முழுதாகத் திறக்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும். தவசிலிங்கத்துக்குக் கண் பிதுங்கிவிட்டது. அன்றைக்கே கடைத் திறப்பு விழாப் படங்கள் பதினான்கையும் தன் பக்கத்திலிருந்து நீக்கிவிட்டார்.

போன் நின்ற பிறகு வந்த செவ்வாயன்று அவர் கேட்டார்.

"முதல் பக்கத்துக்கு வர என்னதான் வழி டீச்சர்?"

"உங்ககிட்ட என்ன இருக்கு, எங்க இருக்கு, எவ்வளவு நேரத்துல வரும். அதை எழுதுங்க."

"எழுதியாச்சு. அப்புறம்?"

"அதுல ஏதாவது மாறினா, மாத்தி எழுதுங்க."

அவர் இன்னும் ஏதோ சொல்வார் என்று தவசிலிங்கம் காத்திருந்தார். ஜமீலா அடுத்தவரிடம் போய்விட்டார். இந்தப் பெண் நிஜமான வித்தையை ஒளித்து வைத்துக்கொண்டு பிள்ளைப் பாடம் நடத்துகிறது என்று படி இறங்கும்போது அவருக்குத் தோன்றியது.

வித்தையை வேறொரு கடைக்காரர் சொன்னார். ஊருக்கு ஒரு பக்கம் போடுங்கள், அந்த ஊர்க்காரன் தேடினால் நீங்கள்தான் வருவீர்கள் என்றார். தவசிலிங்கம் ஒரே மதியத்தில் நாற்பத்து மூன்று பக்கம் போட்டார். மதுரைப் பக்கத்தை அப்படியே நகல் எடுத்து, மதுரை என்று இருந்த இடத்தில் எல்லாம் வேறு ஊரின் பெயரை வைத்தார். மேலூர், திருமங்கலம் என்று ஆரம்பித்து, பஸ்ஸில் மட்டுமே பார்த்த ஊர்கள்வரை போனார்.

ஐந்தாம் நாள் சாயல்குடி என்று போட்டுத் தேடினார். முதல் இடத்தில் அவர் கடை இருந்தது.

அடுத்த செவ்வாய், வகுப்பு தொடங்குமுன்பே போனை ஜமீலாவிடம் நீட்டினார். அவர் அதை வாங்கி எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தார்.

"சாயல்குடி ரயில் நிலையம் அருகில். முப்பது நிமிடத்தில் ஆக்சிஜன் உங்கள் வீட்டு வாசலில்."

பேக்கரி வைத்திருக்கும் சேவியர் சிரித்துவிட்டார். சாயல்குடி அவருடைய மச்சினன் ஊர். ரயிலைப் பார்ப்பதென்றால் மச்சினன் ராமநாதபுரம் போக வேண்டும் என்றார். "தவசியண்ணே, சந்திரனுக்கும் ஒரு பக்கம் போட்டுருங்க. அங்கதான் காத்தே கிடையாதாம்."

அறை சிரித்தது. தவசிலிங்கமும் சிரித்தார். ஜமீலா சிரிக்கவில்லை.

"இங்கிருந்து எவ்வளவு நேரம்ணே?"

"ரெண்டரை மணி நேரம் ஆகும். சும்மா ஊர்ப் பேருக்குத்தானே டீச்சர்."

அப்போது போன் அடித்தது. ஜமீலா அதை அவரிடம் கொடுத்தார். தெரியாத எண். இத்தனை நாளுக்குப் பிறகு வந்த முதல் அழைப்பு. தவசிலிங்கம் ஒலிபெருக்கியைப் போட்டுவிட்டு எல்லோரையும் ஒருமுறை பார்த்தார்.

"சிலிண்டர் கொண்டு வர்ற அண்ணனா? எங்க வந்துக்கிட்டு இருக்கீங்க?"

ஒரு பெண்ணின் குரல். எந்த ஊர் என்று கேட்டார். சாயல்குடி என்றது குரல். பெயர் காளீஸ்வரி. அப்பாவுக்கு நுரையீரல் கெட்டு ஒரு வருடமாக வீட்டில் ஆக்சிஜன். இருக்கிற சிலிண்டரில் முள் சிவப்புக்கு இறங்கிவிட்டது. பத்து மணிக்கு இணையதளத்தில் விவரம் எழுதி அனுப்பினாளாம். நன்றி, முப்பது நிமிடத்தில் வந்துவிடுவோம் என்று உடனே பதில் வந்ததாம். அதை நம்பி, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வந்த பக்கத்து வீட்டுக் காரைத் திருப்பி அனுப்பிவிட்டாள். இப்போது மணி பத்தே முக்கால்.

அந்தப் பதில் தானாகப் போவது. எழுதி அனுப்புகிற விவரங்கள் எந்த மெயிலுக்கு வருகின்றன என்பதே தவசிலிங்கத்துக்கு மறந்துபோயிருந்தது.

"வாசல்லயே நிக்கிறேண்ணே. நீல வாளியக் கவுத்து வச்சிருக்கேன், உங்க வண்டிக்கு அடையாளத்துக்கு."

அவளுக்குப் பின்னால் யாரோ மூச்சு இழுக்கும் சத்தம் கேட்டது. இருபது வருடத்தில் அந்தச் சத்தத்தை அவர் எத்தனையோ வீடுகளில் கேட்டிருக்கிறார். அது எந்தக் கட்டத்தில் எப்படி மாறும் என்பதும் தெரியும். வந்துக்கிட்டே இருக்கோம்மா என்று எல்லோரிடமும் சொல்லிச் சொல்லிப் பழகிய வார்த்தை உதடுவரை வந்தது. சொல்லிவிட்டால் இந்த நிமிடம் கடந்துவிடும்.

ஜமீலா பலகையைத் துடைத்துவிட்டு 108 என்று பெரிதாக எழுதினார். எழுதிவிட்டு அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அம்மா, நான் மதுரையில இருக்கேன். என்னால வர முடியாது. எனக்காகக் காத்திருக்காதீங்க. உடனே 108-க்குப் போடுங்க. அந்தக் காரையும் திரும்பக் கூப்பிடுங்க, எது முதல்ல வருதோ அதுல ஏத்துங்க."

"முப்பது நிமிஷம்னு போட்டிருந்துச்சே" என்றாள்.

"நான்தாம்மா போட்டேன்."

இணைப்பு அறுந்தது.

வகுப்பு நடக்கவில்லை, யாரும் எழுந்து போகவும் இல்லை. தவசிலிங்கம் நான்கு தடவை கூப்பிட்டார். மணி மட்டும் அடித்தது. சேவியர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். அவர் அதைத் தொடவில்லை. கவிழ்த்துவைத்த ஒரு நீல வாளி கண் முன்னால் நின்றது. இதே வார்த்தைகள் இன்னும் எத்தனை ஊரில் யார் யார் கையில் இருக்கின்றன என்று எண்ணிப் பார்த்தார்.

பன்னிரண்டரைக்கு அவளே கூப்பிட்டாள். அரசு மருத்துவமனையில் சேர்த்தாகிவிட்டது, முகமூடி போட்டிருக்கிறார்கள், சாயந்தரம் தாண்டினால்தான் சொல்ல முடியும் என்கிறார் டாக்டர். அவ்வளவுதான் சொன்னாள். திட்டவில்லை. திட்டியிருக்கலாம் என்று தவசிலிங்கம் நினைத்தார்.

அவர் இணையதளத்தைத் திறந்து ஊர்ப் பக்கங்களை ஒவ்வொன்றாக அழிக்க ஆரம்பித்தார். அரை மணிக்குள் வண்டி போய்ச் சேரும் திருமங்கலத்தைக்கூட அழித்தார். ஜமீலா தடுக்கவில்லை. சாயல்குடிக்கு வந்தபோதுதான் திரையின் மேல் கையை வைத்தார்.

"இதை வேண்டாம்ணே."

"இதைத்தான் முதல்ல அழிச்சிருக்கணும் டீச்சர்."

பக்கத்தை அழித்தாலும் தேடலில் அதன் வரி சில நாள் நிற்கும் என்றார் ஜமீலா. அவசரத்தில் தொடுகிறவருக்கு வெற்றுப் பக்கம்தான் திறக்கும். மற்ற ஊர்களில் இவருக்கு முன்னால் உள்ளூர்க் கடைகள் இருக்கின்றன. சாயல்குடியில் இவருக்கு மேலே யாரும் இல்லை.

"அப்ப என்ன செய்ய?"

"எழுதுங்க."

"என்னன்னு?"

"அவங்ககிட்ட போன்ல சொன்னதை."

ஜமீலா கையை விலக்கிக்கொண்டார். தவசிலிங்கம் பழையதை அழித்துவிட்டுத் தட்டினார். நாங்கள் மதுரையில் இருக்கிறோம். சாயல்குடிக்கு வர இரண்டரை மணி நேரம் ஆகும். மூச்சுத் திணறல் இருந்தால் எங்களுக்காகக் காத்திருக்க வேண்டாம். உடனே 108-ஐ அழையுங்கள்.

எழுதியதைத் தனக்குள் இரண்டு முறை வாசித்தார். கடையில் சிலிண்டரைத் துடைத்துக்கொண்டிருக்கும் இரண்டு பேரின் நினைவு வந்தது.

"இதைப் படிச்சிட்டு ஒரு ஆள்கூட எனக்குப் போன் பண்ண மாட்டாங்களே டீச்சர். என்னால போக முடியாத ஊருக்கு நான் ஏன் ஒரு பக்கம் வச்சிருக்கணும்?"

ஜமீலா திரையில் இருந்த ஊர்ப் பெயரைத் தொட்டுக் காட்டினார்.

"அந்த ஊருல முதல்ல நிக்கிறது நீங்கதானே அண்ணே."