கரும்புச் சிம்மாசனம்

இந்த நாடகத்தை நான் பார்க்கவில்லை. பார்த்த மீன்கொத்தி சொல்லித்தான் எனக்குத் தெரியும். அது சொன்னபடியே சொல்கிறேன்.

காட்டுக் குளக்கரையில் இளசுகள் எல்லாம் சேர்ந்து ஒரு பாட்டு நாடகம் போட்டன. மழையைத் தேடிப் போகும் ராஜாவின் கதை. நாடகத்தை நடத்தியவள் மைனா வேதவல்லி. ராஜா வேஷம் தவளை ராஜகம்பீரத்துக்கு. திரை இழுக்கும் வேலை யானைக்குட்டி செல்லையாவுக்கு. மேடைக்கு வேண்டிய பொருள்களைச் செய்யும் பொறுப்பு முயல் துவரைக்கு.

துவரையின் வீட்டில் இதற்குமுன் யாரும் மேடைப் பக்கமே போனதில்லை. அவள் அம்மா புதர் புதராகப் போய்ப் பெருமையடித்துவிட்டு வந்திருந்தாள். அதனாலேயே துவரைக்குப் பயம். ஒரு தப்பு நடந்தால் போதும், ‘முயலுக்கு எதுக்கு இந்த வேலை?’ என்பார்களே!

ஆனால் கை சும்மா இருக்கவில்லை. காய்ந்த வாகை நெற்றுகளைக் கட்டிக் குலுக்கினாள், மழை கொட்டியது! தாழை மடலில் மீன் செதில்களை ஒட்டி ஆட்டினாள், மின்னல் வெட்டியது! கடைசியாகக் கரும்புகளை நறுக்கி, நார் போட்டுக் கட்டி, ஒரு சிம்மாசனம் செய்தாள். வெயிலில் அது தங்கம்போல ஜொலித்தது.

“ஆத்தாடி! இதுல உக்காந்தா பாட்டு தானா வருமே!” என்று தவளை குதித்தான்.

“குதிக்காதடா! அது உனக்கில்ல, நாடகத்துல வர்ற ராஜாவுக்கு!” என்றாள் மைனா.

சிம்மாசனத்தைத் திரைக்கயிற்றுக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னாள். செல்லையா நிற்கும் இடமும் அதுதான். அப்போது யாருக்கும் எதுவும் தோன்றவில்லை!

மறுநாள் சிம்மாசனத்தின் பின்பக்கத்தில் ஒரு கரும்பைக் காணோம். துவரைதான் அதை முதலில் பார்த்தாள். ‘வெளியே சொன்னால் முதலில் என் பல்லைத்தானே பார்ப்பார்கள்?’ அந்த ஓட்டையில் ஒரு கொத்து ஆவாரம்பூவைச் செருகினாள். அடுத்த நாள் நாலு கரும்பு போயிற்று. இன்னும் நாலு கொத்து!

“பூ வெச்சதும் கல்யாண மேடை மாதிரி ஆயிடுச்சு!” என்று எல்லாரும் மெச்சினார்கள். துவரையோ கரும்பு குறையக் குறையத் தினமும் பூப் பறித்து வந்து செருகினாள்.

நாடக நாள் வந்தது. மான்கள் கூட்டமாக வந்து உட்கார்ந்தன. குரங்குகள் கிளைகளில் இடம் பிடிக்கச் சண்டை போட்டன. “ஆரம்பிங்கப்பா!” என்று ஒரே விசில்!

துவரை ஓடிப்போய்ப் பூவை விலக்கிப் பார்த்தாள். முன்பக்கம் ஒற்றை வரிசைக் கரும்பு. மற்றதெல்லாம் வெறும் பூ!

எருக்கம்பூக் கிரீடத்தோடு தவளை வந்தான். மேலேயிருந்து குதித்துச் சிம்மாசனத்தில் உட்கார்ந்து அவன் பாட வேண்டும். குதித்தால் உள்ளே விழுவான், கால் ஒடியும். சொன்னால் துவரையின் பெயர் போகும்.

“நில்லு ராஜா! குதிக்காதே!” என்று துவரை கத்தினாள். “உள்ளே ஒண்ணுமே இல்ல. எனக்கு முன்னாலேயே தெரியும். பயந்துக்கிட்டுப் பூ வெச்சு மறைச்சேன்.”

மைனாவின் இறகுகள் சிலிர்த்தன. “அடிப்பாவி! இப்பவா சொல்றே? கரும்பெல்லாம் உன் வயித்துக்குள்ளேயா?”

“நான் தின்னலக்கா. ஆனா மறைச்சது நான்தான்.”

திரைப் பக்கமிருந்து ஒரு பெருமூச்சு கேட்டது. செல்லையாவின் காதுகள் தொங்கிப் போயிருந்தன. “அவளைத் திட்டாதீங்க. தின்னது நான். ஒண்ணோட நிறுத்திக்கலாம்னுதான் நெனச்சேன். மூக்குக்குக் கீழேயே கரும்பை வெச்சா நான் என்ன பண்ணுவேன்?”

“யானை பக்கத்துல கரும்பை வெக்கச் சொன்ன புத்திசாலி யாரு?” என்று தவளை கேட்டான். எல்லாரும் மைனாவைப் பார்த்தார்கள். மைனா வானத்தைப் பார்த்தாள்.

வெளியே விசில் காதைப் பிளந்தது. துவரை செல்லையாவை மேலும் கீழும் பார்த்தாள். சட்டென்று அவள் காதுகள் நிமிர்ந்தன!

“செல்லையா, தும்பிக்கையைச் சுருட்டு! இன்னும் கொஞ்சம்! ராஜா, அதுல ஏறி உக்காரு!”

இருந்த பூவையெல்லாம் தும்பிக்கையில் சுற்றினாள். திரைக்கயிற்றைப் பல்லால் கவ்விக்கொண்டு தானே ஓடினாள். திரை விலகியது!

தவளை பாடினான். குரல் ஏற ஏறத் தும்பிக்கையும் ஏறியது! உச்சக் குரல் எடுத்தபோது ராஜா குரங்குகளுக்கு நேராக ஆகாயத்தில் உட்கார்ந்திருந்தான்! வாகை நெற்றுகள் மழையாகக் கொட்டின. தாழை மடல் பளிச்சென்று வெட்டியது. குரங்குகள் சண்டையை மறந்து கிளைகளை உலுக்கின. “இன்னொரு தடவை! இன்னொரு தடவை!”

மைனா பறந்து வந்து துவரையின் காதோரம் சொன்னாள்: “அடுத்த நாடகத்துக்கும் நீதான்டி. ஆனா ஓட்டை விழுந்த அன்னிக்கே சொல்லிடணும்!”

“சொல்லிடறேன்க்கா!” என்றாள் துவரை. கயிறு இன்னும் வாயில்தான் இருந்தது.

ராஜா அந்தப் பாட்டை ஏழு முறை பாடியதாக மீன்கொத்தி சொன்னது. எனக்குச் சந்தேகம். பிறகு குளத்து ஆமைகளிடம் விசாரித்தேன். இரண்டு முறைதானாம்.

வேலையில் குறை வந்தால் அதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். சொன்னால்தான் சரிசெய்ய நாலு பேர் சேருவார்கள்.