குஞ்சிதபாதம் இரண்டு தடவை போட்ட உப்பு

“மேல இருக்கிறவர் தப்பு பண்ணினா, கீழ இருக்கிறவன் என்ன சாமி செய்யணும்?”

மூச்சிரைக்க ஓடிவந்து கேட்டவர் தாண்டவராயன். வயது நாற்பத்தேழு. மடத்துச் சமையலில் சேர்ந்து ஒன்பது நாள். அதற்கு முன்னால் இருபத்திரண்டு வருஷம் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகர்.

பதில் சொல்ல வேண்டியவர் மடத்துச் சாமி. வயது முப்பத்திரண்டு. ஞானத்துக்கு எந்த ஊரில் ஐயா வயசு பார்க்கிறார்கள்?

அன்றைக்குக் குருபூஜை. சாமி புதுக் காவிப் பட்டு போர்த்திக்கொண்டு சபைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

“யாரு தப்பு பண்ணினா?” என்றார்.

“மடைப்பள்ளியில தலைமைச் சமையல்காரர், குஞ்சிதபாதம் அண்ணன். குழம்புல ரெண்டு படி உப்பு போட்டாரு. வாசல்ல யாரோ கூப்பிட்டாங்க, போனாரு. திரும்பி வந்து மறுபடியும் ரெண்டு படி போட்டுட்டாரு. என் ரெண்டு கண்ணால பாத்தேன் சாமி.”

இரண்டாயிரம் பேர் சாப்பிட வேண்டிய குழம்பு.

வேறு இடமென்றால் ஒரு சொட்டு நாக்கில் விட்டுப் பார்த்துவிடலாம். இங்கே நடக்காது. கடவுளுக்குப் படைக்கும் முன்னால் யாரும் ருசி பார்க்கக் கூடாது, மோந்துகூடப் பார்க்கக் கூடாது. கைக்கணக்கும் மனசும்தான் சாட்சி.

“அவர்கிட்ட சொன்னீங்களா?”

“எப்படிச் சொல்றது? சேர்ந்த ரெண்டாம் நாள், சாதம் குழைஞ்சிருக்குன்னு சொன்னேன். இன்னொரு தரம் வாயைத் திறந்தா மூட்டையைக் கட்டுன்னுட்டாரு.”

சாதம் குழைந்திருந்தது நிஜம்தான். ஆனால் நம்ம ஆள் அதை எப்படிச் சொன்னார் தெரியுமா? ஓடுகிற பஸ்ஸில் டிக்கெட் இல்லாதவனைப் பிடித்த மாதிரி, மடைப்பள்ளியே திரும்பிப் பார்க்கும்படி கத்திச் சொன்னார். பதினாறு பேர் சிரித்தார்கள். குஞ்சிதபாதம் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

“எனக்கு இந்த இடத்தை விட்டா வேற போக்கிடம் இல்லை சாமி. பேசாம இருந்துடலாம்னா, ரெண்டாயிரம் பேர் இலை முன்னாடி உக்காரப் போறாங்க. நீங்களே வந்து அவர்கிட்ட சொல்லிடுங்க.”

சாமி சபைக் கதவுப் பக்கம் நடந்தார். உள்ளே ஐந்நூறு பேர் காத்திருந்தார்கள்.

அப்போதுதான் தாண்டவராயன் அதைப் பார்த்தார். புதுப் பட்டின் ஓரத்தில், தோளுக்குப் பின்னால், ஜவுளிக்கடைச் சீட்டு ஒட்டியபடியே இருந்தது.

இரண்டே எட்டில் போய்ச் சாமியை மறைத்துக்கொண்டு நின்றார். குனிந்து காதோரமாகச் சொன்னார்.

“சாமி, கடைச் சீட்டு. ஒரு நிமிஷம் இப்படியே நில்லுங்க.”

பட்டு நூல் இழுபடாமல் பிரித்து எடுத்தார்.

சாமி அந்தச் சீட்டை வாங்கிப் பார்த்தார். வாய்விட்டுச் சிரித்தார்.

“என்னையே பிடிச்சுட்டீங்களே, பரிசோதகரே!”

“ஐயையோ, பிடிக்கிறதாவது! உங்களைப் போய்... நாலு பேர் பாத்து ஒண்ணு சொல்லிடக் கூடாதேன்னு...”

சொல்லும்போதே அவருக்கு அந்தக் குழைந்த சாதம் ஞாபகம் வந்தது.

சாமி அந்தச் சீட்டைத் தாண்டவராயன் உள்ளங்கையில் வைத்தார். விரல்களை மூடினார். சபைக்குள் போய்விட்டார்.

சாமி தெரிந்தே அதை விட்டுவைத்தாரா, தெரியாமலா? அது எனக்குத் தெரியாது. நம்ம ஆள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினது மட்டும் தெரியும்.

மடைப்பள்ளியில் குழம்பு தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. குஞ்சிதபாதம் அந்தப் பெரிய கொப்பரைக்குப் பக்கத்தில் நின்றார். சுற்றிலும் ஆட்கள்.

தாண்டவராயன் பக்கத்தில் போனார். விறகைத் தள்ளிவிடுகிற மாதிரி குனிந்தார். காதோடு சொன்னார்.

“அண்ணே, வாசலுக்குப் போறதுக்கு முன்னாடியே நீங்க உப்பு போட்டுட்டீங்க. வந்தப்புறம் போட்டது ரெண்டாவது தடவை.”

குஞ்சிதபாதத்தின் முகம் கறுத்தது.

“நீ பாத்தியா?”

“பாத்தேன்.”

“உன் பேச்சை நம்பி நான் கையை வச்சு, குழம்பு சப்புன்னு போச்சுன்னா?”

“மூட்டையைக் கட்டிக்கிறேன் அண்ணே. நீங்க சொல்லவே வேண்டாம்.”

குஞ்சிதபாதம் அந்த முகத்தையே பார்த்தார். அப்புறம் சுற்றி நின்ற பதினாறு பேரைப் பார்த்தார். ஒருத்தருக்கும் ஒன்றும் கேட்டிருக்கவில்லை. அவரவர் வேலையை அவரவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

உச்சிகால மணிக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம்.

“ஏய், இன்னொரு கொப்பரையை ஏத்துங்கடா!” என்று ஒரு சத்தம் போட்டார். “பருப்பு, புளி, காய், பொடி, எல்லாம் இன்னொரு பங்கு! உப்புப் பக்கம் எவனும் போகக் கூடாது!”

“எதுக்குண்ணே?” என்றான் ஒருவன்.

“கூட்டம் ஜாஸ்திடா. கேள்வி கேக்காதே, காயை நறுக்கு!”

இரண்டு கொப்பரைக் குழம்பையும் வாளி வாளியாக மாற்றி மாற்றி ஊற்றிக் கலந்தார்கள். குஞ்சிதபாதம் ஒரு பக்கம், தாண்டவராயன் ஒரு பக்கம்.

மணி அடித்தது. படையல் முடிந்தது.

முதல் பந்தி உட்கார்ந்தது. குழம்பு ஊற்றினார்கள். ஒருத்தர் பிசைந்து வாயில் வைத்தார்.

“குழம்பு, குழம்பு! இங்கே இன்னொரு தரம்!”

அவ்வளவுதான். எல்லா இலையிலிருந்தும் அதே குரல். வருஷா வருஷம் கடைசிப் பந்திக்குக் குழம்பு எட்டாது, ரசத்தோடு எழுந்து போவார்கள். அன்றைக்குக் கடைசிப் பந்தியும் மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டது.

சாமி வழக்கம்போல் பந்தியைச் சுற்றி வந்தார்.

“குழம்பு எப்படி?”

“அமிர்தம் சாமி! குஞ்சிதபாதம் கைப்பக்குவம்னா சும்மாவா!” என்றது பந்தி.

பந்தி ஓரத்தில் நின்ற குஞ்சிதபாதம் கும்பிட்டுவிட்டு உள்ளே போயிருக்கலாம். அத்தனை பேரும் அவர் பேரைத்தான் சொன்னார்கள்.

அவர் போகவில்லை. கரண்டியை எடுத்துக் காலி வாளியில் ணங் ணங்கென்று அடித்தார். பந்தி நிமிர்ந்தது.

“எல்லாரும் கேட்டுக்குங்க! நான் இன்னைக்கு ரெண்டு தடவை உப்பு போட்டேன். இதோ நிக்கிறானே தாண்டவராயன், இவன் சொல்லலேன்னா நீங்க எல்லாரும் துப்பிட்டு எந்திரிச்சிருப்பீங்க! இந்தக் குழம்பு இவன் குழம்பு!”

தாண்டவராயனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தார்.

“அண்ணே, மெதுவா! எல்லாருக்கும் கேக்குது.”

“கேக்கட்டும்யா! அதுக்குத்தானே கத்துறேன்!”