கண்ணாடியில் சந்தனம்

ஏற்காட்டு மலைப்பாதையில் மழை பிடித்துக்கொண்டது. காரை ஓட்டியவள் சொர்ணவல்லி. பக்கத்தில் அவளுடைய குரு. சிஷ்யைக்கு அறுபது தாண்டிவிட்டது. குருவம்மா அவளைவிட இளையவர்.

கீழே சேலத்தில், ஆஸ்பத்திரியில், சொர்ணவல்லியின் அண்ணன் படுத்திருந்தார். சாயங்காலம் இதய அறுவை சிகிச்சை. அதற்குள் பார்த்தாக வேண்டும்.

வைப்பர் கிறீச்சிட்டது. போகும்போது ஒரு கிறீச், வரும்போது ஒரு கிறீச். கண்ணாடியில் மழை கலங்கலாக இழுபட்டது.

"எதிரே லாரி வந்தாக்கூடத் தெரியாதும்மா. திரும்பிடலாமா?"

"திரும்பினாலும் இதே கண்ணாடிதானே, அக்கா?"

குரு வண்டியை ஓரம்கட்டச் சொன்னார். இருவரும் இறங்கினார்கள். குரு வைப்பரை நிமிர்த்தி, ரப்பர் விளிம்பைத் தன் ஈர மேல்துண்டால் துடைத்தார். மஞ்சளும் சிவப்புமாகப் பிசுக்கு வந்தது.

"என்னக்கா இது?"

"ஆயுத பூஜைக்கு வெச்ச சந்தனம், குங்குமம்."

"கண்ணாடியிலயுமா?"

"அதுதானே வழி காட்டுது? வைப்பருக்கும் வெச்சேன். பாவம், அதை யாரு நினைக்கிறாங்க?"

"அப்புறம் துடைக்கலையா?"

"சாமிக்கு வெச்ச பொட்டை எப்படிம்மா அழிக்கிறது?"

குரு சிரித்துவிட்டார்.

"அண்ணனைக் கடைசியா எப்போ பார்த்தீங்க?"

சொர்ணவல்லி புடவைத் தலைப்பைப் பிழிந்தாள். "அப்பா போனப்புறம் என்னைப் படிக்கவெச்சது அவர்தான். எனக்காகத் தன் கல்யாணத்தையே தள்ளிப்போட்டார். மாசம் தவறாம அவர் பேருக்கு அர்ச்சனை பண்றேன்."

"அதை நான் கேக்கலையே."



"ரொம்ப வருஷமாச்சும்மா. எதிரே போய் நின்னு என்னன்னு சொல்றது? அவர் செஞ்சதுக்கு எந்த வார்த்தை போதும்?"

குரு துண்டை அவளிடம் நீட்டினார். சொர்ணவல்லி கண்ணாடியைத் துடைத்தாள். பொட்டுகள் கரைந்து, மழையோடு சேர்ந்து இறங்கின.

உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். வைப்பர் சத்தமில்லாமல் போய் வந்தது. வளைவுகள் தெரிந்தன. அவற்றுக்குக் கீழே, வெகு தூரத்தில், ஊர் தெரிந்தது.

சொர்ணவல்லி வண்டியை எடுக்கவில்லை.

"வெறும் கண்ணாடியாப் போச்சும்மா. எத்தனை மழையில என்னைக் கரை சேர்த்திருக்கு. இதுக்கு நான் நன்றி சொல்ல வேண்டாமா?"

"சொல்லுங்க."

"எப்படி?"

"இது வழியாப் பாத்து ஓட்டிட்டுப் போய், அண்ணன் முகத்தைப் பாருங்க."