கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு நந்தவனம்

மலையடிவாரத்துப் பாம்புப் பண்ணையில் கூட்டிப் பெருக்குகிற வேலை ஆவுடைத்தங்கத்தம்மையாருக்கு. பாம்புகள் இருக்கும் கண்ணாடிப் பெட்டிகளுக்குள் செடி வளர்ப்பதும் அவர் பாடுதான். வெயில் படாத இடத்தில் செடி பிழைக்குமா என்கிறீர்களா? அம்மையார் பிழைக்க வைத்தார். தொட்டியின் அடியில் ஓட்டுச்சில்லு பரப்புவார். நீர் தேங்கினால் வேரும் அழுகும், பாம்பின் தோலும் புண்ணாகும். பாம்பு புரட்டிவிடாமல் தூரைச் சுற்றிக் கல் அடுக்குவார். பெட்டிக்குள் வாடிய தொட்டியை வெயிலுக்கு எடுத்துவிட்டு, வெயிலில் தேறிய தொட்டியை உள்ளே வைப்பார். ஒவ்வோர் இலையையும் ஈரத்துணியால் துடைக்கையில் வாய் "சிவ சிவ" என்னும். ஈசன் கழுத்தில் கிடப்பதல்லவா பாம்பு? அது இருக்கும் இடம் அவருக்கு நந்தவனம்.

கணவர் பருத்திக்காட்டில் பூச்சி மருந்து அடிக்கையில் மயங்கி விழுந்து போய்ச் சேர்ந்துவிட்டார். பிள்ளையும் இல்லை. பேச ஆளில்லாத வீட்டில் அம்மையாருக்கு இருந்த ஒரே ஆறுதல் பிரதோஷம். நஞ்சுண்டவனைக் கும்பிடும் அந்த மாலையை அவர் தவறவிட்டதே இல்லை. அங்கேயும் தனிமைதான். எத்தனை முறை குளித்தாலும் பாம்பு வாடை போகாது. "கொஞ்சம் தள்ளி நில்லும்மா" என்பார் குருக்கள். கூட்டம் மூக்கைப் பொத்தும். பாவம், கொடிமரத்துக்கு அப்பால் போய் நின்றுகொள்வார். வருகிற அழுகையை விழுங்கிக்கொள்வார்.

ஒரு பிரதோஷத்தன்று சாயங்காலம். பச்சைப்பாம்பின் செடியில் பூச்சி விழுந்திருந்தது. பாம்புகளைப் பார்த்துக்கொள்ளும் வேலாண்டி, அம்மையாருக்கு வேலை மிச்சமாகட்டும் என்று பூச்சி மருந்தை அடித்துவிட்டார். அந்த நெடி ஏறியதும் அம்மையார் பதறிப்போனார்.

"என்னய்யா இப்படிப் பண்ணிட்ட! இலையில நிக்கிற தண்ணியத்தான அது குடிக்கும்!"

வேலாண்டி சிரித்தார். "பாம்புக்கே விஷமா, மதினி? வெளிய சொல்லாதீங்க, ஊரே சிரிக்கும். நேரமாச்சு, கோயிலுக்குக் கிளம்புங்க."

அம்மையார் விடவில்லை. சரியென்று பாம்பைப் பிடித்துத் துணிப்பையில் விட்டுக் கட்டிக்கொடுத்துவிட்டு வேலாண்டி போய்விட்டார்.

தோலுரிக்கும் பருவம், பாம்பு ஏற்கெனவே சோர்ந்திருந்தது. விடியும்வரை பைக்குள் தாங்காது. பெட்டியைக் கழுவ உட்கார்ந்தால் பிரதோஷம் போய்விடும். அந்த நேரம் பார்த்துக் கோயில் மணி கேட்டது.

"அப்பனே, இன்னைக்கு என்னயத் தேடாத" என்று வாய்விட்டு அழுதார் அம்மையார். "ஒன் கழுத்துல கெடக்கிறது இங்க சாகக் கெடக்கு."

அழுதுகொண்டே மருந்து பட்ட தொட்டிகளை எடுத்துவிட்டு, மண்ணை அள்ளி வெளியே கொட்டினார். கண்ணாடியைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். வெயிலில் நின்ற தொட்டிகளைச் சுமந்துவந்து வைத்து நீர் தெளித்தார். பையை உள்ளே வைத்து வாயை அவிழ்த்துவிட்டார். பச்சைப்பாம்பு மெல்லக் கிளையேறி, இலைநுனித் துளியில் வாய் வைத்தது.

அப்போது வாசலில் குருக்கள் நின்றார்! பண்ணைக்குள் அதுவரை கால் வைக்காதவர். கையில் ஈசன் சூடிய வில்வமாலை.

"தீபாராதனை நேரத்துல உன் வாடை வந்ததும்மா. தள்ளி நிற்கச் சொல்லலாம்னு திரும்பினேன். நீ இல்லை." குருக்கள் வாசற்படி தாண்டி உள்ளே வந்தார். "கர்ப்பக்கிருகத்துக்குள்ளேருந்து வந்தது. சுவாமி மேலேருந்து வந்ததும்மா அந்த வாடை!"

சேற்றுக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு மாலையை ஏந்தினார் அம்மையார். குருக்கள் தள்ளி நிற்கவில்லை.

அடுத்த பிரதோஷத்தில் நந்தியின் அருகே அவருக்கு இடம் விட்டார்கள். ஊர் மூக்கைப் பொத்திய வாடையை ஈசனே மேனியில் பூசிக்கொண்டான் என்றால், அந்த மண் ஒட்டிய கைகளை நாம் கும்பிடாமல் வேறு யார் கும்பிடுவது?