புல்வெளிக்கு மூக்கடைப்பு

கோயமுத்தூரில் பேரூர் போகிற சாலையில் விசாலாட்சி அம்மாளின் வீடு இருக்கிறது. வீட்டுக்கு முன்னால் பெரிய புல்வெளி. அதைப் பார்த்துக்கொள்ள மூன்று அண்ணன் தம்பிகளை வேலைக்கு வைத்திருந்தார். மூத்தவன் மாரப்பன், அடுத்தவன் சென்னியப்பன், கடைக்குட்டி அர்த்தநாரி. தங்கமான ஆட்கள். சொன்ன சொல்லைத் தட்டவே மாட்டார்கள். வந்த வினையெல்லாம் அதனால்தான்.

புல்லுக்கு ஸ்பிரிங்க்ளர் போட்டிருந்தது. மண்ணுக்கடியில் குழாய். தண்ணீர் வந்தால் அங்கங்கே குட்டித் தலைகள் மேலே எழும்பி, சுற்றிச் சுற்றித் தெளிக்கும். அம்மாளின் மகள் மேகலாவுக்கு நிச்சயதார்த்தம் அந்தப் புல்வெளியிலேயே நடப்பதாக ஏற்பாடு. "எங்க வீட்டுப் புல்லு பச்சை ஜமுக்காளம் விரிச்சாப்ல இருக்கும்" என்று மாப்பிள்ளை வீட்டாரிடம் பெருமையாகச் சொல்லிவிட்டு, புடவை எடுக்கவும் சொந்தக்காரர்களை அழைக்கவும் மகளோடு ஊர் ஊராகக் கிளம்பிவிட்டார் அம்மாள்.

அவர் போன மறுநாளே ஸ்பிரிங்க்ளர் நின்றுவிட்டது. புல் வைக்கோல் நிறத்துக்கு வந்தது. ரப்பர் குழாயை இழுத்துத் தண்ணீர் விடலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். அவர்களிடம் அப்படி யாரும் சொல்லவில்லை. மாரப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. அம்மாளுக்குப் போன் போட்டான்.

"நாசில் அடைச்சிருக்கும் மாரப்பா. அதைச் சரி பண்ணுங்க, போதும்" என்றார் அம்மாள்.

தண்ணீர் பீய்ச்சுகிற சின்ன ஓட்டைக்கு நாசில் என்று பெயர். மாரப்பனுக்குத் தெரிந்ததெல்லாம் நாசிதான்.

"மூக்கடைப்பாம்டா" என்றான் தம்பிகளிடம்.

"எனக்கு அப்பவே சந்தேகம்ணா" என்றான் சென்னியப்பன். "விடிய விடியப் பனியில கெடக்குது. ஒரு நாளாவது தலைக்குத் துணி கட்டி விட்டமா?"

வேலியோரம் நொச்சி இருந்தது. இலையைப் பறித்துப் போட்டு ஒரு அண்டாத் தண்ணீரைக் கொதிக்க வைத்தார்கள். புல்வெளி நடுவில் இருந்த தலைக்குப் பக்கத்தில் அண்டாவை வைத்து, இரண்டையும் சேர்த்துக் கம்பளியால் மூடினார்கள். அது தனியாக இருந்தால் மிரண்டுவிடும் என்று அர்த்தநாரியும் துணைக்கு உள்ளே நுழைந்தான். கொஞ்ச நேரம் கழித்து முகம் சிவந்து வெளியே வந்தான்.

"தும்முச்சா?" என்று கேட்டான் மாரப்பன்.

"இல்லீங்ணா. நான்தான் தும்முனேன்."

வெளியே வந்த வேகத்தில் அவன் கால் தட்டி அண்டா கவிழ்ந்தது. மிச்சமிருந்த பச்சையும் அங்கே வெந்துபோனது.

மறுபடி போன். "அப்ப எங்கியோ குழாய் ஒழுகுது" என்றார் அம்மாள். "எங்க ஈரமா இருக்குன்னு பாத்து, அடையாளத்துக்கு ஒரு கொடி நட்டு வைங்க."

அம்மாள் சொன்னது குச்சியில் கட்டுகிற துணிக்கொடி. புல்வெளி முழுக்கத் தேடியதில் அண்டா கவிழ்ந்த இடம் ஒன்றுதான் ஈரமாக இருந்தது. சகோதரர்கள் அதைச் சுற்றி உட்கார்ந்து யோசித்தார்கள்.

"என்ன கொடின்னு அம்மா சொல்லலியே" என்றான் அர்த்தநாரி. "பாகல் நடலாமுங்களா?"

"பாப்பாவோட நிச்சயத்துல கசப்பு ஆகாதுடா" என்றான் மாரப்பன்.

"புடலை நடுவோம்ணா" என்றான் சென்னியப்பன். "காய் தொங்குனா தோரணமாட்டம் இருக்கும்."

நியாயமாகப் பட்டது. நர்சரியிலிருந்து நாற்று வாங்கி வந்து நடுப்புல்வெளியில் குழி தோண்டி நட்டு, ஏறுவதற்கு மூங்கிலும் ஊன்றினார்கள்.

அடுத்த தடவை அம்மாள் பஸ்ஸுக்குள்ளிருந்து பேசினார். சத்தத்தில் பாதி கேட்கவில்லை. "தினமும் காலைல கால் மணி நேரம் ஓடணும், தெரியுதா?" என்றது மட்டும் மாரப்பனுக்குத் தெளிவாகக் கேட்டது.

ஓடினார்கள். விடிந்ததும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மூன்று பேரும் புல்வெளியைச் சுற்றிச் சுற்றி ஓடினார்கள். சாகாமல் தப்பியிருந்த புல் அவர்கள் காலடியில் செத்தது. நிச்சயதார்த்தத்தன்று காலையில் அம்மாள் கூப்பிட்டபோது மாரப்பனுக்கு மூச்சு வாங்கியது.

"ஓடுதா மாரப்பா?"

"ஓடறமுங்க."

"தண்ணி நல்லா வருதா?"

"தண்ணி இல்லீங்கம்மா. வேர்வை நல்லா வருதுங்க."

"பிளம்பரை அனுப்பறேன். நான் வர்ற வரைக்கும் நீங்க மூணு பேரும் எதையும் தொடாதீங்க" என்றார் அம்மாள்.

பிளம்பர் ஷாகுல் வந்து கேட்டைத் தட்டினார். சகோதரர்கள் உள்ளே வரிசையாக நின்று பார்த்தார்கள்.

"கதவைத் திறங்கப்பா, எவ்வளவு நேரம் நிக்கிறது?"

"தொட வேண்டாம்னு உத்தரவுங்க" என்றான் மாரப்பன். ஷாகுல் சுவர் ஏறிக் குதித்தார்.

சுற்றிப் பார்த்தவருக்கு நேரம் பிடிக்கவில்லை. "ஸ்பிரிங்க்ளரோட மெயின் வால்வையே மூடி வச்சிருக்கீங்களே, யாரு செஞ்சது?"

"நான்தானுங்க" என்றான் சென்னியப்பன். "ஊருக்குப் போறப்ப எல்லாத்தையும் மூடி வைங்கன்னு அம்மாதான் சொல்லிட்டுப் போனாங்க."

ஷாகுல் அவனை ஒரு தடவை பார்த்துவிட்டு வால்வைத் திறந்தார். தலைகள் எழும்பிச் சுழன்று தண்ணீர் தெளித்தன. மூன்று பேருக்கும் கண் கலங்கிவிட்டது.

"புல்லு காஞ்சு கெடக்கு, ஓடட்டும். மழை வந்தா மட்டும் நிறுத்திடுங்க" என்று சொல்லிவிட்டு ஷாகுல் மறுபடி சுவர் ஏறினார்.

மதியத்துக்கு மேல் வெள்ளியங்கிரி மலைப் பக்கம் வானம் கறுத்தது. சகோதரர்கள் வானத்தைப் பார்த்தார்கள்.

"மழை வந்தா நிறுத்தணுமாமே. எதைண்ணா?" என்றான் அர்த்தநாரி.

"வர்றது எது?"

"மழைங்ணா."

"அப்ப அதைத்தான்."

"எப்படிண்ணா நிறுத்தறது? நாமதான் எதையும் தொடக் கூடாதே."

அந்த நேரம் பார்த்துப் பந்தல்காரர்கள் லாரியில் வந்து இறங்கி, கேட்டைத் தாங்களே திறந்துகொண்டார்கள். மேடைக்கு மேலே மட்டும் கூரை போடச் சொல்லி அவர்களுக்கு ஏற்பாடு. மாரப்பன் குறுக்கே போய் நின்று, புல்வெளி மொத்தத்துக்கும் மேலே ஒரு இடம் விடாமல் தார்ப்பாய்க் கூரை போடச் சொன்னான். போட்டார்கள். கடைசி முடிச்சு போட்டதும் மழை கொட்டியது. தார்ப்பாய்க்குக் கீழே ஒரு சொட்டு இறங்கவில்லை. ஸ்பிரிங்க்ளர் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது.

அம்மாளும் மேகலாவும் மாப்பிள்ளை வீட்டாரும் வேனில் வந்து இறங்கியபோது மழை உச்சத்தில் இருந்தது. பட்டுப்புடவைகளையும் சீர்த்தட்டுகளையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நனையாமல் தப்பிக்கப் பந்தலுக்குள் ஓடினார்கள். உள்ளே எல்லாத் தலைகளும் ஒரே சமயத்தில் அவர்கள் பக்கம் திரும்பின.

மாப்பிள்ளையின் அப்பா மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். மறுபடி நனைந்தது. மறுபடி துடைத்தார்.

"வெளியதான் மழைன்னா, உள்ளயும் பெய்யுதே" என்றார்.

மாரப்பன் கைகட்டி முன்னால் வந்தான்.

"பயப்படாதீங்க சம்பந்தி ஐயா. வெளிய பெய்யறதை நிறுத்திட்டமுங்க. இது நம்ம வீட்டு மழை."